மைனஸ் குறியும் நாலாவது காலும்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, வாடிக்கையாளர் அலுவலகத்தில் டிசைன் ரிவ்யூ. எங்கள் கம்பெனிப் பையன் ஒருவன், டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஆனவன், பம்பும் மோட்டாரும் ஒரே சேனல் பிரேமில் உட்காரும் அசெம்பிளியைத் திரையில் திறந்து வைத்திருந்தான். மூன்று வார உழைப்பு. எதிரில் இருந்த மேலாளர் முதலில் படத்தின் பக்கமே கண்ணைத் திருப்பவில்லை. இடது ஓரத்தில் இறங்கும் பார்ட் பட்டியலை மட்டும் மவுஸால் உருட்டிக்கொண்டு போனார். உதட்டை அசைத்து எண்ணினார். எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"இருபத்தி மூணு மைனஸ் இருக்குது. எதுவுமே ஃபுல்லா டிஃபைன் பண்ணலையே தம்பி. இதைப் போய் ரிவ்யூவுக்குக் கொண்டு வரலாமா?"

ரிவ்யூ கிட்டத்தட்ட அத்தோடு முடிந்தது. பம்ப் எவ்வளவு தள்ளும், கப்ளிங் எது, பிரேமை எங்கே பிடித்துத் தூக்குவது, கிளாண்டை மாற்ற ஸ்பேனர் போக இடமிருக்கிறதா, ஒருவரும் கேட்கவில்லை. பையன் முகம் சுண்டிப்போய் லேப்டாப்பை மூடினான். திரும்பி வரும் வழியெல்லாம் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மென்பொருள் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலிட்வொர்க்ஸில் பார்ட்டுகளை ஒன்றோடொன்று சேர்ப்பதற்கு மேட் என்று பெயர். இந்த முகமும் அந்த முகமும் ஒட்டட்டும், இந்த ஷாஃப்டும் அந்தத் துளையும் ஒரே மையத்தில் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவோம். ஒரு பார்ட்டுக்கு அசைய இன்னும் இடம் இருந்தால் அதன் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு மைனஸ் தெரியும். கட்டு அளவுக்கு மிஞ்சிப்போய் ஒன்றோடொன்று முட்டினால் பிளஸ் தெரியும். மைனஸ் என்றால் 'இது இன்னும் அசையும்' என்ற தகவல். அவ்வளவுதான் அதற்குப் பொருள். அதைத் தப்பு என்று யார் சொன்னது? ஆனால் இன்று கோயம்புத்தூரிலிருந்து ஓசூர் வரை எந்த டிசைன் ஆபீசுக்குப் போனாலும் இந்த நம்பிக்கை சுவரில் எழுதாத சட்டமாக இருக்கிறது: மைனஸ் இருந்தால் டிசைன் அரைகுறை, மைனஸ் எல்லாம் போய்விட்டால் டிசைன் சரி.

அந்த இருபத்து மூன்றையும் எடுத்துக்கொள்வோம். அதில் இருபது வெறும் போல்ட். துளையோடு ஒரே மையம், தலை முகத்தோடு ஒட்டல். போல்ட்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? தன் அச்சில் சுற்ற மட்டும் முடியும். சுற்றாத போல்ட்டை எப்படி முடுக்குவது? இந்தச் சுழற்சியையும் அடைக்கச் சொல்கிறார்கள். ஆறுமுகத் தலையின் ஒரு பக்கத்தைப் பிரேமுக்கு இணையாக வைத்து, இருபது போல்ட்டுக்கும் இருபது மேட் போட வேண்டும். ஷாப் ஃப்ளோரில் போல்ட்டின் தலை டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும் இடத்தில் நிற்கும். பிரேமுக்கு இணையாக நிற்கும்படி எந்த ஃபிட்டரும் முடுக்குவதில்லை. முடுக்கவும் கூடாது. ஒரு சாயங்காலம் முழுக்க ஒரு பையனின் கண்ணையும் விரலையும் இதற்காகத் தேய்க்கிறோம்.

மிச்சம் மூன்று: பம்பின் ஷாஃப்ட், கப்ளிங், மோட்டார். ஷாஃப்டும் கப்ளிங்கும் சுற்றுவதற்காகவே செய்யப்பட்டவை. சுற்றும் பொருளுக்கு மைனஸ் இருந்தாக வேண்டும். மோட்டார்தான் விஷயமே. பையன் அதை நீளவாக்கில் நகரும்படி விட்டிருந்தான், கப்ளிங்கின் இரண்டு பாதிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஷாப் ஃப்ளோரில் வைத்துப் பார்த்துக்கொள்ள. அதோடு மோட்டாரின் கால்களுக்கும் பிரேமுக்கும் நடுவில் 2 மி.மீ. இடம் விட்டிருந்தான், ஷிம் என்ற மெல்லிய தகடு போடுவதற்கு. மைனஸை எண்ணி முடித்த பிறகு மேலாளர் அதை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மோட்டார் அந்தரத்துல மிதக்குது, கீழே ஒட்டுங்க" என்றார்.

மிதக்கவில்லை ஐயா. அந்த மூன்று வாரத்தில் அவன் செய்த மிகச் சரியான காரியம் அந்த இரண்டு மில்லிதான்.

ஷாப் ஃப்ளோரில் ஒரு தடவை மோட்டார் உட்காருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 160 ஃப்ரேம் மோட்டார், 11 கிலோவாட். நாலு கால். கிரேனில் இறக்கிப் பிரேமில் வைத்து நாலு போல்ட்டையும் முடுக்குகிறார் எங்கள் ஃபிட்டர். வயது அறுபதை நெருங்குகிறது. காந்த அடியுள்ள டயல் கேஜைப் பிரேமில் ஒட்டி, முள்ளை மோட்டாரின் ஒரு கால் மேல் வைத்து பூஜ்ஜியத்துக்குத் திருப்புகிறார். அந்தக் காலின் போல்ட்டை மட்டும் மெல்லத் தளர்த்துகிறார். முதல் கால், முள் அசையவில்லை. இரண்டாவது, ஒரு கோடு. மூன்றாவது, இரண்டு கோடு. நாலாவது காலைத் தளர்த்தியதும் முள் எழுந்து பதினெட்டாவது கோட்டில் போய் நிற்கிறது. ஒரு கோடு என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

"இந்தக் காலு தொங்குதுங்க. போல்ட்டுதான் இழுத்துப் புடிச்சு வச்சிருக்குது" என்றார். சட்டைப் பையிலிருந்து ஷிம் கட்டை எடுத்து 0.15 தகடு ஒன்றை உருவிக் காலுக்கு அடியில் நுழைத்தார். திரும்ப முடுக்கி, திரும்பத் தளர்த்தி, மூன்று கோட்டில் நின்றதும் தலையசைத்தார்.

நாலாவது கால் எப்போதும் தொங்கும். ஒரு பொருளை ஒரு தளத்தில் உட்கார வைக்க மூன்று புள்ளி போதும். மூன்று கால் முக்காலி எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாது. நாலு கால் மேசை டீக்கடையில் ஆடும், ஓர் அட்டையை மடித்துச் செருகுவார்கள். நாலாவது கால் பட வேண்டும் என்றால் காலும் தரையும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். வார்ப்பில் வந்த மோட்டாரும் வெல்டிங் சூட்டில் முறுக்கிய சேனலும் அப்படி ஒத்துப்போவதில்லை. ஷிம் போடாமல் போல்ட்டின் பலத்தில் இழுத்துப் பிடித்தால் மோட்டாரின் உடம்பே முறுக்கிக்கொள்ளும். உள்ளே ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளி ஒரு பக்கம் குறுகும். பேரிங் சூடாகும், அதிர்வு வரும். ஆறு மாதத்தில் பேரிங் போனதும் பேரிங் கம்பெனியைத் திட்டுவார்கள்.

கணினியில் இந்த நாலு காலையும் பிரேமோடு ஒட்டச் சொல்லுங்கள். முதல் கால், சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது, சரி. நாலாவதும் சரி. ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு பிளஸ் இல்லை. திரையில் நாலு காலும் கணிதப்படி ஒரே தளத்தில் இருப்பதால் நாலாவது மேட் ஏற்கெனவே உண்மையாக இருப்பதை மறுபடி சொல்கிறது, அதனால் மென்பொருள் பேசாமல் இருந்துவிடுகிறது. அந்த மௌனத்தைத்தான் டிசைன் சரி என்பதற்குச் சான்றிதழாக வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.

சாதாரண போல்ட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு பொருள் ஆறு விதமாக அசையும்: மூன்று திசையில் நகரும், மூன்று அச்சில் சுற்றும். ஒரே மையம் என்ற மேட் அதில் நாலைப் பறிக்கிறது. முகத்தோடு முகம் ஒட்டும் மேட் மூன்றைப் பறிக்கிறது. நாலும் மூன்றும் ஏழு. போல்ட்டுக்கு மொத்தமே ஆறுதான், அதிலும் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது, சுற்றுகிறதே. அப்படியென்றால் இரண்டு கட்டு உபரி. துளை முகத்துக்குச் சரியான செங்குத்தில் இருப்பதாக மென்பொருள் எடுத்துக்கொண்டு அந்த இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ட்ரில் சற்றே சாய்ந்து போன துளையில் அதே போல்ட்டைப் போடுங்கள். தலை ஒரு ஓரத்தில் மட்டும் உட்காரும், மறு ஓரத்தில் தாள் நுழையும். திரையில் இதற்கு எந்தக் குறியும் கிடையாது.

அப்படியானால் மென்பொருள் எப்போது கத்துகிறது? தேவையில்லாத இடத்தில். ஒரு கவரில் இரண்டு துளை, பாடியில் இரண்டு துளை. இரண்டு ஜோடியையும் ஒரே மையம் என்று கட்டிவிட்டுப் பிறகு ஒன்றின் மையத் தூரத்தை 120 இலிருந்து 120.01 ஆக மாற்றுங்கள். பட்டியல் முழுக்கச் சிவப்பு. அசெம்பிளியே உடைந்துவிட்டதுபோல அலறும். ஷாப் ஃப்ளோரில் எம்12 போல்ட்டுக்கு 13.5 மி.மீ. துளை போடுகிறோம், ஒன்றரை மில்லி தாராளமாக இருக்கிறது. நூறில் ஒரு பங்கை அந்தத் துளை கண்டுகொள்ளவே செய்யாது. போல்ட் கையாலேயே இறங்கும். உபத்திரவம் இல்லாத இடத்தில் கூச்சல், நாலாவது கால் தொங்கும் இடத்தில் மௌனம். இந்தக் கருவியின் கூச்சலையும் மௌனத்தையும் வைத்து டிசைனுக்கு மார்க் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது?

கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. சாலிட்வொர்க்ஸ் உட்படப் பல பெரிய கேட் மென்பொருள்களின் உள்ளே மேட் கணக்கைப் போடுவது டி-கியூப்ட் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் சால்வர்தான். 1989ல் கேம்பிரிட்ஜில் தொடங்கியது, இப்போது சீமென்ஸிடம் இருக்கிறது. அது சமன்பாடுகளைத் தீர்க்கும். அதைத்தான் செய்வதாகச் சொல்லியும் இருக்கிறது. வெல்டிங் பிரேம் முறுக்கும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மைனஸ் எண்ணுகிறார்கள்.

இந்த மேட் என்ற எண்ணத்துக்கே மூலம் எது? 1963ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் எழுதிய ஸ்கெட்ச்பேட். ஒளிப்பேனாவால் கோணல்மாணலாக ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, 'இது அதற்கு இணை', 'இது அதன் நீளம்' என்று சொன்னால் கணினி அதைத் திருத்தித் தரும். அந்த ஆய்வேட்டிலேயே அவர் கம்பிகளை முளையில் கோத்த இயங்கு இணைப்புகளைத் திரையில் வரைந்து, ஒன்றை இழுத்தால் மற்றவை கூடவே நகர்வதைக் காட்டியிருக்கிறார். கட்டு என்று ஒன்று கணினிக்குள் வந்த முதல் நாளே அதன் வேலை, எது அசையக் கூடாது என்பதோடு எது அசைய வேண்டும் என்பதையும் சொல்வதாக இருந்தது. அறுபது வருடம் கழித்து அதில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, அசைவே கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறோம்.

மென்பொருள் செய்தவர்களே மாறிவிட்டார்கள். சாலிட்வொர்க்ஸைத் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக் பின்னர் ஆன்ஷேப்பை ஆரம்பித்தபோது, இரண்டு பார்ட்டுக்கு நடுவில் பொதுவாக ஒரே மேட் போதும் என்று வைத்தார். அந்த மேட்டின் பெயரே எது அசையும் என்பதைச் சொல்லும்: சுற்றும், சறுக்கும், பந்து போலத் திரும்பும், இறுகிப்போகும். ஃப்யூஷனில் ஜாயிண்ட் என்கிறார்கள். கிரியோவில் பின், ஸ்லைடர், சிலிண்டர் என்று வெகுகாலமாக இருக்கிறது. முதலில் அசைவைத் தீர்மானி, பிறகு முகத்தைத் தேடு என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. நம் ஆபீஸ்களில் நடப்பது நேர் எதிர். மவுஸ் எந்த முகத்தின் மேல் நிற்கிறதோ அதைச் சொடுக்குகிறார்கள், மைனஸ் போகும்வரை சொடுக்குகிறார்கள், போகவில்லையென்றால் வலது கிளிக்கில் ஃபிக்ஸ் போட்டு அந்தரத்தில் ஆணி அடித்துவிடுகிறார்கள். அந்த ஆணிக்கு ஷாப் ஃப்ளோரில் பெயர் உண்டா? அப்படி ஒரு பார்ட்டை எந்த வெண்டர் சப்ளை செய்கிறார்?

எந்த முகத்தைப் பிடிக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. காசு அதில்தான் போகிறது. பம்பின் பேரிங் பிராக்கெட்டும் கேசிங்கும் சேருவது ஸ்பிகாட்டில். வட்டமான அந்தப் படி ஒன்றுக்குள் ஒன்று நெருக்கமாக இறங்கி மையத்தைப் பிடித்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் போல்ட்டுகள் இறுக்கிப் பிடிப்பதோடு சரி, மையத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பழைய ஆட்கள் ட்ராயிங் போட்டால் ஸ்பிகாட்டில்தான் டாலரன்ஸ் இருக்கும், துளைகள் சும்மா ட்ரில்லிங். இப்போது அசெம்பிளியைத் திறந்தால் ஸ்பிகாட்டில் மேட்டே இல்லை. இரண்டு போல்ட் துளையை ஒரே மையமாகக் கட்டி மைனஸை ஒழித்திருப்பார்கள். திரையில் பொருள் அதே இடத்தில்தான் நிற்கும், படம் ஒன்றுதான். ஆனால் அதைப் பார்த்து ட்ராயிங் எடுக்கும் அடுத்த ஆள், 'துளையில்தானே உட்காருகிறது' என்று துளைகளுக்கு பிளஸ் மைனஸ் 0.05 போடுவான். ட்ரில்லிங் மெஷினில் முடிய வேண்டிய வேலை வி.எம்.சி.க்குப் போகும். ஜாப் ரேட் ஏறும். ஏன் ஏறியது என்று பர்சேஸில் கூட்டம் போட்டு வெண்டரின் கழுத்தைப் பிடிப்பார்கள். மைனஸ் எண்ணியவர் அந்தக் கூட்டத்திலும் தலைமையில் உட்கார்ந்திருப்பார்.

ஃபிக்ஸர் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் அரிச்சுவடி. அடியில் மூன்று முளை, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று. மூன்று, இரண்டு, ஒன்று, ஆக ஆறு. வார்ப்புக்கு அடியில் நாலாவது தாங்கல் கட்டாயம் வேண்டுமென்றால், அதைத் திருகி ஏற்றி மெல்லத் தொடும்படி அட்ஜஸ்ட் செய்கிற முளையாகத்தான் வைப்பார்கள். நாலாவதைக் கெட்டியாக வைத்தால் வார்ப்பு ஆடும் என்று ஐ.டி.ஐ. முதல் வருடப் பையனுக்குத் தெரியும். டிசைன் ஆபீசில் ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூட இல்லை. மெஷின் ஷாப்பில் பேசும்போது ஒப்புக்கொள்கிறார்கள், மானிட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

நாலு கம்பியும் நாலு முளையும் கொண்ட சாதாரண இணைப்புக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பி நிலையாக நிற்கிறது, மற்ற மூன்றுக்கும் ஆளுக்கு ஆறு, ஆகப் பதினெட்டு. ஒவ்வொரு முளையும் ஐந்தைப் பறிக்கிறது, நாலுக்கும் சேர்த்து இருபது. பதினெட்டில் இருபது போனால் மைனஸ் இரண்டு. கணக்குப்படி அது அசையவே கூடாது. ஆனால் அசைகிறது, நாலு முளையும் ஒன்றுக்கொன்று மிகச் சரியாக இணையாக இருந்தால். ஒரு துளை சாய்ந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அனுபவஸ்தர்கள் ஒரு முனையில் பந்து மூட்டுள்ள ராடு எண்ட் போடுவார்கள். அந்தப் பந்து எந்தப் பக்கமும் சாய்ந்து கொடுக்கும். அசெம்பிளியில் அதுவும் ஒரு மைனஸ்தான். நம் மேலாளரிடம் கொண்டுபோனால் அதையும் பூட்டச் சொல்வார்.

பூட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நானே பூட்டியிருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு செயின் கன்வேயர். மோட்டார் நீளத் துளையில் 40 மி.மீ. நகர்ந்து செயினை இழுக்க வேண்டும். ரிவ்யூவில் மைனஸ் கூடாது என்று, மோட்டாரை நடுவில் வைத்துப் பூட்டிக் கொடுத்தேன். எல்லாம் பச்சை. சைட்டில் செயினை மாட்ட மோட்டாரை உள்பக்கம் தள்ளினார்கள். பன்னிரண்டு மில்லி போனதும் ஒரு குறுக்கு ஆங்கிளில் முட்டி நின்றுவிட்டது. செயின் பல்லில் ஏறவில்லை. திரையில் ஒரே ஒரு தடவை மோட்டாரை மவுஸால் இழுத்திருந்தால் அந்த ஆங்கிள் கண்ணில் பட்டிருக்கும். பூட்டியிருந்ததால் இழுக்க வரவில்லை. இரவு பதினோரு மணிக்கு கேஸ் கட்டிங் வைத்து ஆங்கிளை அறுத்தோம். தீப்பொறி விழாமல் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹெல்பருக்கு என்னைவிட வயது அதிகம். "தம்பி, இதை வரையறப்பவே பாத்துருக்கலாமில்ல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் காதில் இருக்கிறது.

இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் முதலில் பயிற்சி மையங்களில் போய் நிற்கிறது. காந்திபுரத்தில் இறங்கினால் எத்தனை போர்டு! இத்தனை நாளில் இத்தனை மென்பொருள், சான்றிதழ், வேலைக்கு உதவி. அங்கே சொல்லித் தருவது கட்டளைகளை. கான்சென்ட்ரிக் எங்கே இருக்கிறது, கோயின்சிடென்ட் எங்கே இருக்கிறது. பரீட்சை வைக்கிறவருக்குத் திருத்தச் சுலபமான அளவுகோல் மைனஸ் குறி, அதனால் மைனஸ் இல்லாவிட்டால் பாஸ். அந்த அளவுகோலோடு வேலைக்கு வருகிற பையன் பத்து வருடத்தில் மேலாளராகி, அடுத்த பையனை அதே அளவுகோலால் அடிக்கிறான்.

கல்லூரிகள் மட்டும் என்ன? முதல் வருடத்தில் ஃபிட்டிங் ஷாப் என்று ஒன்று இருந்தது. இரண்டு இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவி ஒன்றுக்குள் ஒன்று பொருத்தச் சொல்வார்கள். உள்ளங்கை கொப்பளிக்கும். பொருத்தியதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். இன்னும் ராவு என்பார் இன்ஸ்ட்ரக்டர். ராவி ராவிப் பார்த்தவனுக்கு இரண்டு தளம் முழுமையாக ஒட்டுவது எவ்வளவு அபூர்வம் என்று உடம்புக்கே தெரியும். கோயின்சிடென்ட் என்று சொடுக்கும்போது அவன் கை ஒரு நொடி தயங்கும். இப்போது நான் நேர்காணல் எடுக்கும் பையன்களிடம் அரம் பிடித்திருக்கிறாயா என்று கேட்டால் விழிக்கிறார்கள். பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக் எல்லோரிடமும் இருக்கிறது. அதில் லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் பக்கத்தை ஏன் திறக்க வேண்டும் என்று மட்டும் தெரியாது. பையன்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஷாப்பைச் சுருக்கிவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் லேப் கட்டியவர்களைத்தான் திட்ட வேண்டும்.

அப்புறம் ஆபீஸுக்கும் ஷாப்புக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கதவு. டிசைனர் அந்தப் பக்கம் போனால் 'சீட்ல ஆளில்லை' என்று குறிப்பு எழுதுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பார்ட் முடித்தாய் என்று கணக்குக் கேட்கிறார்கள். எண்ணிக்கையில் சம்பளம் பேசுகிற இடத்தில் எண்ணிக்கையில்தான் தரமும் பார்ப்பார்கள். முப்பது வருடமாக ஷிம் போட்டுக்கொண்டிருக்கும் ஃபிட்டரை ஒரு டிசைன் ரிவ்யூவுக்காவது கூப்பிட்டு உட்கார வைத்த கம்பெனி எத்தனை? அந்த வியாழக்கிழமை மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்தோம். ஸ்பேனர் பிடிக்கிற கை ஒன்றுகூட இல்லை.

எங்கள் ஃபிட்டர் அங்கே இருந்திருந்தால் அந்த இரண்டு மில்லியைப் பார்த்ததும் புரிந்துகொண்டிருப்பார். பம்புக்கு மைய உயரம் 160, மோட்டாருக்கும் 160. ட்ராயிங்கில் இரண்டும் சமம். ஆனால் மோட்டாரின் சர்வதேசத் தரமே அந்த அளவில் உயரம் அரை மில்லிமீட்டர் வரை குறையலாம் என்று அனுமதிக்கிறது. பம்பும் வார்ப்புதான், அதற்கும் ஒரு டாலரன்ஸ் உண்டு. மோட்டார் கொஞ்சம் தாழ்ந்து வந்தால் ஷிம் வைத்துத் தூக்கிக்கொள்ளலாம். பம்ப் தாழ்ந்து மோட்டார் முழு உயரத்தில் வந்தால்? கால் ஏற்கெனவே பிரேமோடு ஒட்டியிருந்தால் மோட்டாரை எங்கே இறக்குவது? பைப் மாட்டிய பம்பைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் பிரேமின் பேடைச் சைட்டில் கிரைண்டர் வைத்துத் தேய்க்க வேண்டும். இதற்காகத்தான் மோட்டார் பேடைக் கொஞ்சம் தாழ்வாக வைத்து, ஷிம்முக்கு இடம் விட்டு வரைவது. இரண்டு வருட அனுபவத்தில் அந்தப் பையன் அதை எப்படியோ கற்றுக்கொண்டிருந்தான். யாரிடம் கற்றான் என்று கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஃபிட்டர் அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிடுவானாம்.

திங்கட்கிழமை திருத்தினோம். இருபது போல்ட்டின் தலையும் பிரேமுக்கு இணையாகிவிட்டது. ஷாஃப்ட் சுற்றாது, கப்ளிங் சுற்றாது, மோட்டார் நகராது. பட்டியலில் ஒரு மைனஸ்கூட இல்லை. மோட்டார் பேடும் பம்ப் பேடும் ஒரே மட்டம், நாலு காலும் பிரேமோடு ஒட்டியிருக்கிறது. மறுநாளே ஒப்புதல் வந்தது. இடைவெளி இல்லாத மாடலில் ஷிம் எதற்கு என்று கேட்டு, பி.ஓ.எம். பட்டியலின் கடைசியில் பையன் எழுதியிருந்த 'ஷிம் செட், 4 காலுக்கு' என்ற வரியையும் அடித்துவிட்டார்கள். பிரேம் இப்போது வெல்டிங்கில் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் வாரத்தில் லாரியில் ஏறுகிறது, ஷிம் இல்லாமல்.